மூன்று மெஷினும் மாரண்டஹள்ளித் தக்காளியும்

ஒரு வேலையைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். பங்கு போடுகிறவருக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர், பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிற டீச்சர், எலெக்‌ஷன் டியூட்டி பிரிக்கிற கிளார்க் என்று எங்கள் இனத்தார் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டினால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே எங்கள் ஆபீஸ். முதலாளி முருகேசன் அண்ணன், போன் எடுக்கும் தேன்மொழி, நான். அவ்வளவுதான் கம்பெனி. மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டிக்கு, போனில் முகவரி போட்டுத் திறக்கும் டோக்கன் செயலி செய்து கொடுத்தோம். தினம் காலை பத்து மணிக்கு மறுநாளைக்கான டோக்கன் திறக்கும். எந்த நேரத்துக்கு வண்டி இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டு விவசாயி சாயங்காலம் பழம் பறிப்பார். டோக்கன் இல்லாமல் பறித்தால் மறுநாள் மத்தியானம் வரை டெம்போவிலேயே வெயிலில் கிடக்கும். அப்புறம் அதை ரசத்துக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் சரியாகப் பத்து மணிக்கு அத்தனை பேரும் ஒரே மூச்சில் வந்து விழுவார்கள்.

ஒரு மெஷின் தாங்காது என்று மூன்று வைத்தோம். ஒன்று எங்கள் ஆபீசில், ஒன்று பாலக்கோட்டில் விதைக்கடை மாடியில், ஒன்று மண்டியின் மாடியிலேயே. ஓரிடத்தில் கரண்ட் போனால் மற்ற இடம் இருக்கும் என்ற கணக்கு. மூன்றுக்கும் முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று நிற்கும். வருகிறவர்களை நிறுத்தி, நீ இங்கே போ, நீ அங்கே போ என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. நாங்கள் அதை வாசல் என்போம். வாசலை மட்டும் பெங்களூரில் வாடகைக்கு எடுத்திருந்தோம். எல்லாவற்றையுமே வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். முருகேசன் அண்ணன் பழைய மெஷின் மூன்றை மொத்தமாக வாங்கிவிட்டு வந்து நின்ற பிறகு என்ன பேச முடியும்?

மண்டிச் செயலாளர் வீரபத்திரன் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு பருவம் பாக்கறங்க. மூணு தடவ நின்னுச்சுன்னா பழையபடி கைச்சீட்டே குடுத்துக்கறோம்." கைச்சீட்டு வந்தால் எங்கள் ஆபீஸ் இல்லை. பெங்களூரில் தெரிந்த கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். நான் ஏற்கெனவே ஆறு வருஷம் அங்கே இருந்தவள். வாரக் கடைசியில் ஓசூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள், "அம்மா, நீங்க சாப்புட்டுட்டுத்தான் போவீங்களா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். மறுநாள் வேலையை விட்டேன். திரும்பப் போவதாக இல்லை. ஆகவே மூன்றாவது தடவை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒண்ணாம் நம்பர்

முதல் வாரத்திலேயே ஒரு மெஷின் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, மற்ற இரண்டும் கால் நீட்டிப் படுத்திருந்தன. வாசலை மூன்று தடவை சோதித்தேன். அதன்மேல் குற்றமில்லை. அதன் வழியாக யாருமே வரவில்லை, அதுதான் விஷயம். பத்து இருபதுக்கு ஒண்ணாம் நம்பர் மெஷின் விழுந்தது. முதல் நிறுத்தம்.

பஸ் பிடித்து மாரண்டஹள்ளி போனேன். எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில், பச்சைப் பெயின்ட்டில், ஒண்ணாம் நம்பர் மெஷினின் நேர் முகவரி ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. மேலே மஞ்சள், நடுவில் குங்குமம். சோதனைக்கு என்று மண்டி எழுத்தர் ராமனிடம் மூன்று மெஷினின் முகவரியையும் நான்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதில் முதலாவதைச் சுவரில் ஏற்றிவிட்டார். விவசாயிகள் அதைப் போட்டோ பிடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். வாசல் அங்கே ஆளில்லாமல் நிற்க, ஜனம் கொல்லைப்புறமாக ஒரே மெஷினுக்குள் புகுந்துகொண்டிருந்தது. நானே சுண்ணாம்பு வாங்கி அதை அழித்து, அங்கே வாசலின் முகவரியை எழுதினேன். அன்றைக்கே மெஷின்களுக்கு நம்பரை எடுத்துவிட்டு மரப்பெயர் வைத்தேன். ஆபீசில் இருப்பது பூவரசு, பாலக்கோட்டில் இருப்பது புங்கன், மண்டி மாடியில் இருப்பது வேம்பு. ராமனுக்கு மட்டும் மனசே ஆறவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. ஒண்ணாம் நம்பரு இருக்கறப்ப நம்ம ஆளுங்கள எப்பிடிங்க ரெண்டாம் நம்பருக்கு அனுப்பறது?"

முதலில் பேசியவர்

விவசாயி வெங்கட்டப்பாவுக்கு வயது அறுபதுக்கு மேல். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், போனில் இரண்டும். பெயரையும் ஊரையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். பூவரசு வாங்கிக்கொண்டது. அடுத்து எத்தனை பெட்டி என்று தட்டி அனுப்பினார். வாசல் அதைப் புங்கனுக்குத் தள்ளியது. புங்கனுக்கு வெங்கட்டப்பா யாரென்றே தெரியாது. முதலிலிருந்து பெயரைக் கேட்டது. இப்படி நாலு தடவை நடந்த பிறகு தேன்மொழிக்குப் போன் போட்டார். அவள் என்னிடம் கொடுத்தாள்.

மூன்று மெஷின் இருப்பதையும், ஒன்று கேட்டது மற்றதற்குத் தெரியாது என்பதையும் பொறுமையாக விளக்கினேன். மனிதர் முழுதும் கேட்டார். பிறகு நான் இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய தீர்வைச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. மொதல்ல யாருகிட்டச் சொன்னனோ அவங்ககிட்டயே உடு. அவங்களுக்கு என் விசயம் தெரியும்."

மலைக்கு ஒரே வைஃபை

வெங்கட்டப்பா சொன்னபடியே செய்தேன். எந்த இணைப்பிலிருந்து ஒருவர் வருகிறாரோ, அதைப் பார்த்து அவரை ஒரே மெஷினுக்கு எப்போதும் அனுப்பும்படி வாசலுக்குச் சொல்லிவைத்தேன். நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் வேம்பு மட்டும் திணறியது. பார்த்தால், ஏகப்பட்ட விண்ணப்பம் ஒரே இணைப்பிலிருந்து வருகிறது. ஏதோ திருட்டு வேலை என்று நினைத்து அந்த இணைப்பை அடைத்துவிடப் போனேன். தேன்மொழிதான், "அக்கா, ஒரு தடவ விசாரிச்சுடலாம்" என்றாள்.

விசாரித்தால், மலைமேல் ஒரு திருப்பத்தில் குப்பம்மாவின் டீக்கடை. அங்கேதான் அந்தப் பக்கத்துக்கே வைஃபை. வேறெங்கும் சிக்னல் கிடையாது. நாலு ஊர் ஜனமும் பத்து மணிக்கு அவர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து டோக்கன் போடுகிறார்கள். நாலு ஊரும் எங்கள் வாசலுக்கு ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறது. அடைத்திருந்தேன் என்றால் மலைத் தக்காளி மொத்தமும் மலையிலேயே கிடந்திருக்கும். இணைப்பைப் பார்க்காமல் ஒவ்வொரு போனையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொள்ளும்படி அன்றைக்கே மாற்றினேன். மாற்றும் வரை பாதிப் பேரைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்ல முடியுமா என்று குப்பம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"என் கடையில ஒரே பாய்லரு. நாலு ஊரும் ஒண்ணா வந்தாலும் ஆளுக்கு ஒரு டம்ளரு குடுத்துடறன். உங்கிட்ட மூணு மிசினு இருந்துமாம்மா முடியல?"

சும்மா இருந்த மெஷின்

புதிதாக வருகிறவரை முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்புவதைவிட, யாரிடம் வேலை குறைவாக இருக்கிறதோ அவரிடம் அனுப்புவதுதான் நியாயம் என்று படித்தேன். சரிதானே? அப்படியே வைத்தேன். ஒரு புதன்கிழமை பத்து மணிக்குப் பாலக்கோட்டுப் புங்கன் கையில் வேலையே இல்லை. வாசல் அதற்கு ஒருவரை அனுப்பியது. அடுத்த நொடியே கை காலி. இன்னொருவர். அதுவும் காலி. என்ன சுறுசுறுப்பு என்று நான்கூடப் பெருமைப்பட்டேன். தேன்மொழியின் போன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, புங்கனில் இடம் நிரம்பிவிட்டது, ஒரு டோக்கனைக்கூட எழுதிவைக்க முடியாது. வந்தவரிடமெல்லாம் "முடியாது" என்று ஒரே வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடியும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருப்பதால் வாசல் மேலும் மேலும் அதற்கே அனுப்புகிறது. ஒழுங்காக வேலை செய்யும் பூவரசும் வேம்பும் வேடிக்கை பார்த்தன. இரண்டாவது நிறுத்தம்.

அதன் பிறகு மெஷின்களிடம் "இருக்கிறாயா" என்று மட்டும் கேட்பதை விட்டேன். நொடிக்கு நொடி ஒரு போலி டோக்கன் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டுக் காட்டாத மெஷினுக்கு ஆள் கிடையாது. முருகேசன் அண்ணன் இந்தத் தொழிலுக்கு வருமுன் மாங்கூழ் ஆலையில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னதற்கு இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. சரியாகச் சொல்லிவிட்டார் என்ற கோபம்தான்.

"சும்மா இருக்கறவனாப் பாத்து வேல குடுத்த, சரி. அவன் ஏன் சும்மா இருக்கறான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

ஏழரை மணிக்கு இரண்டு வண்டி

ஒரு நாள் பூவரசுக்கும் வேம்புக்கும் நடுவில் லைன் அறுந்து கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த நேரத்தில் காலை ஏழரை மணி டோக்கனைப் பூவரசு ஒருவருக்குக் கொடுத்தது, வேம்பு இன்னொருவருக்குக் கொடுத்தது. மறுநாள் இறக்குமேடைக்கு இரண்டு டெம்போ மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு வந்து நின்றன. இருவர் கையிலும் போன், இரண்டிலும் ஏழரை. எடைக்காரர் மாதையன் இருவரையும் சத்தம் போடாமல் அடக்கி, இதில் பத்துப் பெட்டி அதில் பத்துப் பெட்டி என்று மாற்றி மாற்றி இறக்கவைத்து அனுப்பினார். வண்டி இறங்கிவிட்டதால் இது நிறுத்தத்தில் சேராது என்று செயலாளர் விட்டுவிட்டார்.

விண்ணப்பத்தை எந்த மெஷின் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பு ஒரு மெஷினுக்குத்தான் என்று அன்றைக்கு மாற்றினேன். அந்த மெஷின் படுத்தால் மிச்ச இரண்டும் கலந்து பேசிப் புதுப் பொறுப்பாளியை வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஒரு மெஷின் தானே ராஜா என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதை நான் பெரிய படிப்பெல்லாம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாதையன்தான் எடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"மூணு பேருல யாரு வேணா பேசட்டுங்க. கடேசி வார்த்த யாருதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். எங்க வூட்ல நானு, எந்தம்பி, எம் பொண்டாட்டி மூணு பேரும் பேசுவோம். கடேசி வார்த்த அவளுது."

காலிப்பெட்டி

பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமானால் நாம் என்ன செய்கிறோம்? மறுபடி அழுத்துகிறோம். நம் விவசாயிகளும் அப்படித்தான். ஒருவர் பத்துத் தடவை அழுத்தினால் மெஷினுக்கு அவர் பத்துப் பேர். "தயவுசெய்து மீண்டும் அழுத்த வேண்டாம்" என்று சிவப்பில் போட்டேன். அழுத்துவது இரண்டு மடங்காயிற்று. வேண்டாம் என்கிறார்களே, ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

எடைமேடைக்கு வேறொரு வேலையாகப் போனபோது மண்டியில் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். சீக்கிரம் வந்த விவசாயிகள் வரிசையில் நிற்பதில்லை. பெயர் எழுதிய காலிப்பெட்டி ஒன்றை வரிசையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். வரிசை முழுக்கப் பெட்டிகள்தான், ஆள் யாருமில்லை. அடுத்தவர் பெட்டியை யாரும் நகர்த்துவதில்லை. நகர்த்தினால் அப்புறம் அந்த மண்டியில் அவருக்கு முகம் கிடையாது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், நீங்கள் இங்கே இருந்தால் உங்கள் முறை போய்விடாதா என்று கேட்டேன். இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெட்டி நிக்குதுங்களே, நான் எதுக்கு நிக்கணும்?"

பொக்லைன் வந்த வெள்ளிக்கிழமை

அந்தப் பெட்டி வரிசையை அப்படியே எங்கள் வாசலில் கட்டினேன். கூட்டம் அதிகமானால் உள்ளே தாங்குகிற அளவுக்கு மட்டும் விடும், மற்றவர்களுக்கு வரிசையில் இடம் பிடித்து வைக்கும். முருகேசன் அண்ணன் அதைத் திறக்க விடவில்லை. காத்திரு என்று போட்டாலே நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்றார். எழுதியது எழுதினபடியே கிடந்தது.

பருவம் முடிய ஒரு வாரம். வெள்ளிக்கிழமை பாலக்கோட்டில் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பது முன்பே தெரியும். இரண்டு மெஷின் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஒன்பதரைக்கு எங்கள் ஆபீசுக்கு முன்னால் சாக்கடை தோண்ட வந்த பொக்லைன் ஒரே அள்ளில் எங்கள் இன்டர்நெட் கேபிளை மேலே தூக்கியது. பூவரசு ஊமையாகிவிட்டது. பாக்கி மண்டி மாடி வேம்பு ஒன்றுதான். அதுவும் தனியாக ராஜாவாகக் கூடாது என்று நான் போட்ட விதிப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் வெளியூரில். பத்து மணிக்கு அரை மணி நேரம் இருந்தது. "நாளைக்கு வெச்சுக்கலாம்னு மெசேஜ் போட்டுடலாமாக்கா?" என்று தேன்மொழி கேட்டாள். போட்டால் அது மூன்றாவது நிறுத்தம். முடியாது என்றேன்.

முதலில் வேம்பைப் பொறுப்பாளி ஆக்க வேண்டும். நடுவில் மற்றது எதுவும் உயிர் பெற்று வந்து அதே நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. விதைக்கடைக்காரருக்குப் போன் போட்டுப் புங்கனின் வயரைப் பிடுங்கச் சொன்னேன். பூவரசின் பிளக்கை நானே சுவரிலிருந்து உருவினேன். என் போன் டேட்டாவை வைத்துக்கொண்டு, இனி கடைசி வார்த்தை உன்னுடையது என்று வேம்புக்கு எழுதினேன். பிறகு, யாரையும் கேட்காமல், பெட்டி வரிசையைத் திறந்தேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். விவசாயிகளின் போனில் இப்படி வரும்படி வைத்தேன்: "உங்கள் காலிப்பெட்டி வரிசையில் வைக்கப்பட்டது. யாரும் நகர்த்த மாட்டார்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள்." கீழே, அவருக்கு முன்னால் எத்தனை பெட்டி என்ற எண்.

பத்து மணி ஆனது. நாற்பது நாற்பது பேராக உள்ளே விட்டேன். பத்து ஐந்து. தேன்மொழியின் போன் அடிக்கவில்லை. தன் போன் வேலை செய்கிறதா என்று என் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள், செய்தது. வழக்கமாக இருபது நிமிஷத்தில் முடிவது அன்றைக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆயிற்று, ஆனால் ஒருவரும் திரும்ப அழுத்தவில்லை. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசில் வைத்து அழுதது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வந்தது ஒரே ஒரு போன்தான், பதினொன்றுக்கு.

"டீ குடிச்சுட்டு வரச் சொல்லுதுங்க, குடிச்சுட்டன். இன்னும் பதினாறு பெட்டி முன்னால இருக்குது. இன்னொரு டீ சொல்லட்டுங்களா?"

செயலாளர் வந்தார்

பருவம் முடிந்த மறுநாள் வீரபத்திரன் எங்கள் ஆபீஸ் படி ஏறி வந்தார். முருகேசன் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதையும் மறைத்து வைத்து அந்த வேலையைக் காப்பாற்ற எனக்கு இஷ்டமில்லை. அந்த வெள்ளிக்கிழமை மூன்றில் இரண்டு மெஷின் இல்லை, ஒண்ணேகால் மணி நேரம் ஆயிற்று, அதை நிறுத்தத்தில் சேர்ப்பதாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அண்ணன் என்னை முறைத்தார். செயலாளர் டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"உங்களுக்கு மிசினு எத்தினின்னு நாங்க எண்ணலீங்க. டோக்கன் வந்துச்சு, பழம் எறங்குச்சு. பாலக்கோட்டுல ரெண்டு மண்டிக்காரங்க கேக்கறாங்க, திங்கக்கெழமயே அவங்களுக்கும் ஆரம்பிச்சுக் குடுத்துடுங்க."

இப்போது மூன்று மண்டி, ஒன்பது மெஷின். ஒன்று படுத்தால் மற்ற எட்டும் அதன் வேலையை எடுத்துக்கொள்ளும்படி பக்காவாகச் செய்துவிட்டேன், நான் படுத்தால் எடுத்துக்கொள்ளத்தான் அண்ணன் இன்னும் ஆள் போடவில்லை.